மூலம் திறந்திருக்கிறது, உரை எங்கே?

சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கும் இடையே கடலடியில் இடப்பட்ட ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீள ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. “அங்கே இணையம் இல்லை, மாணவர்கள் எப்படிக் கற்பார்கள்?” என்று அன்று இரங்கிய கல்வியுலகம், “இணையம் வந்துவிட்டது, எல்லாம் இலவசம், இனியும் கற்காவிட்டால் அது மாணவர் குறை” என்று இன்று கைகழுவுகிறது. முதல் கூற்று அரைகுறை, இரண்டாவது அநீதி. திறந்த மூல இயங்குதளம் உருவாக்கக் கற்க விரும்பும் ஒரு தொடக்கநிலை மாணவரின் நிலையைப் பார்த்தால் இரண்டின் பிழையும் விளங்கும்.

முதலில் அளவு. லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து தொடங்க எவராலும் இயலாது. ஆனால் கற்பிப்பதற்கென்றே எம்ஐடி 2006-இல் உருவாக்கிய எக்ஸ்வி6 இயங்குதளம் 10,000 வரிகளுக்குள் அடங்குவது. அதற்கான நூல் சுமார் 100 பக்கம். நிரல், நூல், கம்பைலர், தனி வன்பொருள் இல்லாமலே அதை ஓட்டிப் பார்க்க உதவும் கியூஎமு ஆகிய அனைத்தும் ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம் செய்யும் ஒருவரின் சட்டைப்பையில் அவை தீவைச் சேர்ந்துவிடும். வடத்துக்காகக் காத்திருக்க வேண்டிய பொருள் அல்ல அது.

அடுத்தது வரிசை. ரங்கத்திலிருந்து போர்ட் பிளேருக்கு, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, வந்து கணினியியல் படிக்கும் ஒரு மாணவரை எண்ணிப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று அவர் தேடினால் பட்டியல்களே கிடைக்கின்றன. ஒன்று அசெம்பிளியைக் கற்று வரச் சொல்கிறது. இன்னொன்று சி மொழியில் தேறி வரச் சொல்கிறது. மற்றொன்று செயலியின் ஆயிரக்கணக்கான பக்கக் கையேட்டைக் காட்டுகிறது. எதற்குப் பின் எது, எதை இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று சொல்வார் இல்லை. அரிச்சுவடி முடிக்காதவர் கையில் தொல்காப்பியத்தையும் நிகண்டையும் திணித்து, “நூலகம் திறந்துதானே இருக்கிறது?” என்று கேட்பது போன்றது இது.

தமிழ் படித்தவர்களுக்கு இக்குறை புதிதன்று. மூலம் கையில் இருப்பதும் மூலம் விளங்குவதும் வேறு வேறு என்பதை நம் மரபு நன்கறியும். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் துணைநில்லாமல் பொருளதிகாரத்துக்குள் நுழைந்தவர் எத்தனை பேர்? ‘திறந்த மூலம்’ என்று அழகாக மொழிபெயர்த்துக்கொண்ட நாம், மூலம் என்று ஒன்றிருந்தால் உரை என்று ஒன்று வேண்டும் என்பதை மறந்துவிட்டோம்.

இயங்குதளக் கல்வியின் வரலாற்றிலும் திருப்புமுனையாக நின்றது ஓர் உரையே. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆசிரியர் ஜான் லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் ஏறத்தாழ 9,000 வரி மூலத்தை ஒரு தொகுதியாகவும் அதற்கான உரையை மற்றொரு தொகுதியாகவும் 1970-களின் நடுப்பகுதியில் தம் மாணவர்களுக்காக ஆக்கினார். ஏழாம் பதிப்பின் உரிமம் மூலநிரலை வகுப்பில் கற்பிக்கத் தடை விதித்தது. லயன்ஸின் உரை ஒளிநகல்களாகவே பல்லாண்டு கைமாறி, 1996-இல்தான் முறையான நூலாயிற்று. அந்தத் தடை உண்டாக்கிய வெற்றிடத்தை நிரப்பவே ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் மினிக்ஸையும் அதை விளக்கும் பாடநூலையும் தந்தார். அதைப் பயின்ற ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைத் தொடங்கினார். எக்ஸ்வி6-உம் லயன்ஸ் மரபில் வந்ததே. அந்தத் தலைமுறைக்கு அதிவேக இணையம் வாய்க்கவில்லை. மாணவரை மனத்தில் வைத்து எழுதிய ஆசிரியர்கள் வாய்த்தார்கள்.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. சென்னை ஐஐடியின் செஸ்டர் ரெபைரோ எக்ஸ்வி6-ஐக் கொண்டு நடத்திய பாடம் என்பிடெலில் இருக்கிறது. கோழிக்கோடு என்ஐடியின் எக்ஸ்பிஓஎஸ் திட்டம், மாணவர் படிப்படியாகத் தாமே ஒரு சிறு இயங்குதளத்தை எழுதி முடிக்க வழிகாட்டுகிறது. இரண்டும் போற்றத்தக்கவை. ஆனால் தீவு, பெருநிலம் என்ற வேறுபாடின்றி நம் வகுப்பறைகளை ஆள்வது வினாவங்கி. டெட்லாக்குக்கு நான்கு நிபந்தனைகளை ஒப்பித்து, ஷெட்யூலிங் கணக்கில் சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடுகிறது. ஒரு வரி மூலநிரலைக்கூடத் திறக்காமல் இயங்குதளத் தாளில் முதல் வகுப்புப் பெறலாம் என்றால், தேர்வு அளப்பது எதை?

“நிரலே ஆங்கிலத்தில்தானே இருக்கிறது, தமிழில் உரை எதற்கு?” என்று கேட்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581; அதில் ஏறத்தாழ ஏழில் ஒருவர் தமிழர். இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேற்றப்பட்டோரின் பிள்ளைகளும் இவர்களுள் அடங்குவர். இவர்களுக்குச் சிந்தனையின் முதல் படி தமிழ். நிரலின் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அவை ஏன் அந்த இடத்தில் நிற்கின்றன என்ற விளக்கம் தமிழில் வரட்டும். கெர்னல் என்ற சொல்லை அப்படியே ஆண்டாலும் தமிழ் கெட்டுவிடாது. வைணவ உரையாசிரியர்கள் மணிப்பிரவாளத்தில் எழுதியும் பொருளை விளக்கத்தான் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு இயன்றது கணினியியலுக்கு இயலாதா?

செய்ய வேண்டியது பெரிதன்று. எக்ஸ்வி6-இன் நிரலைப் பகிரவும் மாற்றவும் அதன் உரிமம் இடம் தருகிறது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் அதில் ஒரு கோப்புக்கு உரை எழுதட்டும். கணினித்துறை பிழை பார்க்கட்டும். தமிழ்த்துறையும் மொழியியல் துறையும் நடை பார்க்கட்டும். முன்னர் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது ஒவ்வோர் உரையின் தலைப்பிலும் இருக்கட்டும். அந்த உழைப்பைப் பல்கலைக்கழகங்கள் திட்டப்பணியாகவும் ஆய்வாகவும் ஏற்றுக் கணக்கில் கொள்ளட்டும். அதைச் செய்யாமல் தீவு மாணவரிடம் “எல்லாம் இணையத்தில் இருக்கிறது” என்று சொல்லும் ஆசிரியர், தாம் செய்ய வேண்டிய வேலையை ஒரு கடலடிக் கம்பியின் தலையில் கட்டுகிறார்.