திரை வகுத்த மேனி

பீஜித் தீவுகளில் பருத்துத் திரண்ட உடலே நெடுங்காலம் போற்றப்பட்டது. நட்ரோகா மாகாணத்திற்கு 1995ஆம் ஆண்டில் தொலைக்காட்சி வந்தது. மூன்றே ஆண்டுகள்! 1998இல் ஆன் பெக்கர் என்னும் ஆய்வாளர் வினவியபோது, பாடசாலை மாணவியருள் நூற்றுக்கு 74 பேர் சில வேளையேனும் தம்மைப் பருமனெனக் கருதினர். உடல் மெலிய வேண்டி உண்டதை வலிந்து கக்கியோர் நூற்றுக்கு 11 பேர். 1995இல் வினவியபோது அத்தகையோர் ஒருவருமிலர். இதனை நாகரிகம் என்பதா?

உடற்பயிற்சி வேண்டும், ஐயமில்லை. மண்வெட்டி பிடிப்போருக்கு அது தொழிலிலேயே கிடைக்கிறது. நாற்காலியில் அமர்ந்திருப்போரே தேடிக்கொள்ளல் வேண்டும். ஆனால் நாணத்தால் நடக்கத் தொடங்குபவர், கண்ணாடி இசையாவிடின் நின்றுவிடுகிறார். இரத்த அழுத்தம் தணிவது கண்ணாடியில் தெரிவதில்லையே! நமது பாடசாலைகளில் மாணவியரின் நிறையை வகுப்பின் முன் உரத்து வாசிக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதிபர்கள் அதனை இன்றே நிறுத்துவார்களாக.