நெகட்டிவின் ஓரத்தையும் பாருங்கள்

ஃபிலிம் கேமரா பிரியர்களிடையே ஒரு தீர்ப்பு உலவுகிறது. பழைய சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் படம் கெட்டால் ஆராயவே வேண்டாமாம். கூர்மை இல்லையென்றால் லென்ஸ் மட்டம், வெளிச்சக் கறை விழுந்தால் உடம்பில் ஓட்டை, ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர் முடிந்தது. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்தத் தொழிற்சாலைகளின் தரம். ஆகவே வந்த விலைக்குத் தள்ளிவிட்டு ஜப்பானியக் கேமரா ஒன்றை வாங்கிக்கொள்.

இந்தத் தீர்ப்பால் நல்ல கேமராக்கள் பல அலமாரியில் உறங்குகின்றன. ஃபெட், ஸோர்க்கி ஆகிய இரண்டும் 1932-இல் வந்த லைக்கா இரண்டாம் மாடலின் வழித்தோன்றல்கள். ஃபெட் 1934 முதல் உக்ரைனின் கார்கிவ் நகரில், ஆதரவற்ற சிறார்களுக்காகக் கல்வியாளர் மகரென்கோ நடத்திய கம்யூனின் பட்டறையில் உருவானது. ஸோர்க்கி 1948 முதல் மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க்கில் வந்தது. ஸோர்க்கி 4 மாடல் மட்டும் 17 லட்சத்துக்கு மேல் விற்பனைக்கு வந்தது. இத்தனை லட்சம் கேமராக்களுக்கு ஒரே வரியில் தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. ஒவ்வொரு குற்றச்சாட்டாக எடுத்துப் பார்க்கலாம்.

முதல் குற்றச்சாட்டு: படம் மங்கினால் லென்ஸ் மட்டம். அதிகம் சொல்லப்படுவதும் அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் இதுதான். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே இல்லை. மேலே இருக்கும் ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அங்கே தெரியும் இரண்டு பிம்பங்கள் ஒன்றாகச் சேரும்வரை லென்ஸைத் திருப்புகிறோம். லென்ஸின் பின்விளிம்பு கேமராவுக்குள் ஒரு சிறு நெம்புகோலைத் தள்ள, அது இரண்டாம் பிம்பத்தை நகர்த்துகிறது. அறுபது ஆண்டு ஓடிய பிறகு இந்த இணைப்பு மயிரிழை விலகியிருந்தாலும், குற்றமே இல்லாத லென்ஸ் மங்கலான படம் தரும்.

மங்கலில் வகைகள் உண்டு. நெகட்டிவை லைட் பாக்ஸில் வைத்து, பூதக்கண்ணாடியால் முழுப் பரப்பையும் பாருங்கள். முகத்தில் ஃபோகஸ் வைத்தீர்கள், ஆனால் பின்னால் இருக்கும் செங்கற்சுவர் கூர்மையாக இருக்கிறதென்றால் லென்ஸுக்குக் கூர்மை இருக்கிறது; அது வேறிடத்தில் விழுந்திருக்கிறது. எங்குமே கூர்மை இல்லாமல் எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. எங்குமே கூர்மை இல்லாமல் பிரிண்டில் கருப்பும் சாம்பலாக வெளுத்திருந்தால் மட்டுமே லென்ஸைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பழைய கிரீஸின் ஆவி அப்பர்ச்சர் தகடுகளுக்கு அருகிலுள்ள கண்ணாடியில் படிந்து மெல்லிய பனிப்படலமாகத் தெரியும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் ஃபங்கஸும் சேர்ந்துகொள்ளும். இரண்டுமே பராமரிப்பின் பிரச்சினைகள். பனிப்படலம் பெரும்பாலும் துடைத்தால் போய்விடும். ஃபங்கஸ் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால்தான் தடம் நிற்கும்.

ஃபோகஸ் விலகல்தான் என்று தெரிந்த பின், விலகியது எது என்று பிரித்தறிய வேண்டும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ டவரையோ பாருங்கள். லென்ஸ் முடிவிலிக் குறியில் முட்டி நிற்கும்போது ஜன்னலில் இரண்டு பிம்பங்களும் ஒன்றாகச் சேராவிட்டால் ரேஞ்ச்ஃபைண்டர் விலகியிருக்கிறது. அதைச் சரிசெய்யும் திருகு கேமராவின் முகப்பிலேயே இருக்கிறது. பிம்பங்கள் சேர்கின்றன, ஆனாலும் படம் தவறுகிறதா? ஸோர்க்கி 4, ஃபெட் 2 ஆகியவற்றின் பின்பக்கம் முழுதாகக் கழன்று வரும். ஃபிலிம் படியும் தண்டவாளங்களின்மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கி ஒட்டி, ஷட்டரை ‘பி’-யில் திறந்து பிடித்து, அதே கோபுரத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். முடிவிலியில் அங்கே கூர்மை இல்லையென்றால் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலான தூரம் தவறு. லைக்கா மரை கொண்ட கேமராக்களில் லென்ஸ் அமரும் வளையத்திலிருந்து ஃபிலிம்வரை அது 28.8 மி.மீ. இருக்க வேண்டும்.

அந்தத் தூரம் ஏன் தவறுகிறது என்பதில்தான் தொழிற்சாலைமீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஜூபிட்டர் 8 போன்ற லென்ஸ்களில் கண்ணாடித் தொகுதிக்கும் உறைக்கும் நடுவே மெல்லிய ஷிம் வளையங்கள் இருக்கும். அந்த லென்ஸுக்கென்றே அளந்து போட்டவை. யாரோ ஒருவர் துடைப்பதற்காகக் கழற்றி, வளையத்தை விட்டுவிட்டு மூடினால் ஃபோகஸ் நிரந்தரமாக நகர்ந்துவிடும். ஃபோகஸ் மரையோ பல தொடக்கங்கள் கொண்டது. தவறான தொடக்கத்தில் பிடித்துத் திருகினால் லென்ஸ் நன்றாகவே அமரும், கூர்மை மட்டும் வராது. இன்று கைக்கு வரும் பல லென்ஸ்களில் திருகுத் தலைகள் சிதைந்திருப்பதைப் பார்த்தாலே யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரியும். தொழிற்சாலையிலிருந்து அது அப்படி வெளியே வரவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு: வெளிச்சக் கறை விழுந்தால் உடம்பில் ஓட்டை, பின்மூடியின் நுரைப் பட்டையை மாற்று. ஜப்பானின் கேனனெட், யாஷிகா எலெக்ட்ரோ போன்ற கேமராக்களுக்கு இது சரியான அறிவுரை; அவற்றின் நுரை காலப்போக்கில் பிசினாகக் கரைந்துவிடும். ஸோர்க்கி 4-இலும் ஃபெட் 2-இலும் நுரைப் பட்டையே கிடையாது. பின்மூடியின் விளிம்பு ஆழமான பள்ளத்துக்குள் இறங்கி வெளிச்சத்தைத் தடுக்கிறது. இல்லாத பாகத்தை மாற்றச் சொல்லும் அறிவுரை ஊரெல்லாம் சுற்றுகிறது.

கறை எங்கிருந்து வந்தது என்பதை நெகட்டிவின் ஓரம் காட்டிக்கொடுக்கும். ஸ்கேன் செய்த படத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஸ்கேனில் படச்சட்டத்துக்கு வெளியே இருப்பது வெட்டப்பட்டுவிடுகிறது. நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். கறை சட்டத்தைத் தாண்டி ஓரத்துளைகள்வரை பரவியிருந்தால் வெளிச்சம் ஃபிலிமின் பின்பக்கமிருந்தோ ஃபிலிம் டப்பாவிலிருந்தோ வந்தது. ரோலின் தொடக்கத்தில் மட்டும் இருந்தால், உச்சிவெயிலில் நின்று ஃபிலிம் போட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஓரத்துளையிலிருந்தும் கோடுகோடாக அடர்த்தி இறங்கினால் அது வெளிச்சமே இல்லை. கழுவும்போது டேங்கை வேகமாகக் குலுக்கியதால் ரசாயனம் துளைகள் வழியே பாய்ந்திருக்கிறது.

கறை சட்டத்தின் விளிம்போடு நின்று, பிரிண்டில் வெள்ளைப் புள்ளிகளாக, படத்துக்குப் படம் ஏறக்குறைய அதே இடத்தில் விழுகிறதா? ஷட்டர் திரையில் ஊசித்துளை இருக்கிறது. ரப்பர் பூசிய துணித்திரை அது. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் திரைக்கும் இடையே மிரர் குறுக்கே நிற்பதில்லை. மூடியில்லாத கேமராவை வெயிலில் சூரியனைப் பார்த்து வைத்தால் லென்ஸ் அந்தத் திரையிலேயே சூரியனைக் குவித்துப் பொசுக்கிவிடும். சோதிக்க ஒரு வழி: ஷட்டரை ஏற்றிவிட்டு, மூடி இல்லாமல் வெயிலில் ஒரு நிமிடம் வைத்திருந்து ஒரு படம் எடுங்கள், அடுத்ததற்கு மூடியோடு வைத்திருந்து, எடுக்கும் கணத்தில் மட்டும் கழற்றுங்கள். முதலாவதில் புள்ளி அடர்ந்து, அடுத்ததில் இல்லாமல் போனால் திரைதான். திரைகள் இரண்டு. ஏற்றிய நிலையில் முதல் திரையும், இறங்கிய நிலையில் இரண்டாம் திரையும் ஃபிலிமை மறைக்கின்றன. ஆகவே இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, முன்பக்கமிருந்து டார்ச் அடித்து, இரண்டு நிலைகளிலும் பின்னாலிருந்து பாருங்கள். ஓரிரு துளைகளைக் கருப்பு ரப்பர் பூச்சால் அடைத்துவிடலாம்.

மூன்றாவது: ஒரு பக்கம் இருட்டு என்றால் ஷட்டர் முடிந்தது. இதில் பாதி உண்மை. நான்கு மூலைகளும் ஒரேபோல் இருண்டு, அப்பர்ச்சரைக் குறைத்தால் சரியாகிவிட்டால் அது லென்ஸின் இயல்பு. அப்பர்ச்சரை முழுதாகத் திறந்தால் பல லென்ஸ்களில் நேர்வது. சட்டத்தின் இடது அல்லது வலது புறம் மட்டும் இருண்டு, வேகம் கூடக்கூட மோசமாகி, 1/30-இல் மறைந்துவிட்டால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. நடுவிலுள்ள இடுக்கு போகப்போகக் குறுகுகிறது. வெறும் சுவரை 1/500-இலும் 1/30-இலும் எடுத்துப் பார்த்தால் போதும். இறுகிப்போன எண்ணெயைச் சுத்தம் செய்து, சுருள்வில்லின் இழுவையைச் சரிப்படுத்தினால் பெரும்பாலான ஷட்டர்கள் மீண்டும் ஒழுங்காக ஓடும். முடிந்தது என்று சொல்ல வேண்டியது துணியே விறைத்து விரிசல் விட்டபோதுதான். அதற்கும் புதுத் திரை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃப்ளாஷ் போட்ட படங்களில் மட்டும் பாதிச் சட்டம் கருப்பாக இருந்தால் ஷட்டரைத் திறக்கவே வேண்டாம். ஸோர்க்கி 4-இல் 1/30-க்கு மேல் போய்விட்டீர்கள், அவ்வளவுதான்.

நான்காவது, எனக்கு உண்மையிலேயே கோபம் தருவது: ஷட்டரை ஏற்றாமல் வேகத்தை மாற்றினால் கெட்டுப்போகிறதே, இது சோவியத் அலட்சியம்தானே என்ற பேச்சு. அந்த வேகக் குமிழ் ஷட்டரோடு சேர்ந்தே சுழலும் அமைப்பு. ஏற்றிய பிறகுதான் அதன் குறிகள் சரியான இடத்துக்கு வருகின்றன. லைக்காவின் பழைய மரைக் கேமராக்களிலும் குமிழ் சுழலத்தான் செய்கிறது, அவற்றிலும் ஏற்றிய பிறகே வேகம் வைக்க வேண்டும். லைக்காவில் மரபு என்று போற்றப்படுவது ஸோர்க்கியில் குறையாகிவிடுகிறது. இந்தப் பழக்கம் தெரியாதவர்களின் படங்கள்தான் காரணமில்லாமல் வெளுத்தும் கறுத்தும் வருகின்றன.

ஐந்தாவது: சோவியத் லென்ஸை லைக்காவில் மாட்டினால் ஃபோகஸ் தவறுகிறது, எனவே லென்ஸ் மட்டம். லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. கணக்கில் அமைந்தது. ஸைஸ் சோனாரைப் பின்பற்றிய ஜூபிட்டர் 8 சுமார் 52.4 மி.மீ. முடிவிலியில் இரண்டும் ஒத்துப்போகும். ஒரு மீட்டரில் எஃப்/2-இல் விலகல் தெரியும். இது இரண்டு அளவுமுறைகளின் வேறுபாடு. ஷிம்மைச் சிறிது மாற்றி, அருகே எடுப்பவருக்கு அருகிலும் தொலைவே எடுப்பவருக்குத் தொலைவிலும் பொருந்தவைக்கலாம்; இரண்டு முனைகளிலும் ஒருசேரப் பொருந்தாது.

தரத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரே ஆண்டில் வந்த இரண்டு ஜூபிட்டர்கள் வேறுவேறாக இருக்கும். கண்ணாடி மையம் விலகிய லென்ஸும் உண்டு. சமதளமான சுவரை நேராக எடுக்கும்போது ஒரு பக்கம் மட்டும், எல்லாத் தூரத்திலும், விடாமல் மங்கினால் அந்த லென்ஸை விட்டுவிடலாம். உடம்பை வைத்துக்கொள்ளுங்கள், ஒரு இண்டஸ்டார் 61 லென்ஸ் கிடைத்தால் அதே மரையில் பொருந்தும்.