முள் சொல்வதெல்லாம் மெய்யா?



சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், மதுரவாயலைத் தாண்டியதும் வருவது வேலப்பன்சாவடி. அதனையடுத்துக் குமணன்சாவடி, கரையான்சாவடி என்று சாவடிகள் தொடர்கின்றன. சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். முன்னாளில் மனிதர்கள் இளைப்பாறிய அந்தச் சாலையோரங்களில் இன்று பெரும்பாலும் இளைப்பாறுபவை வண்டிகள்தாம். அவையும் பழுதுபட்டு நிற்பவை. அவ்வாறு நின்ற ஒரு பழைய ஜீப்பைப் பற்றித்தான் இம்மாதம் உங்களோடு பேச விழைகிறேன். வண்டி இல்லாத வீட்டாரும் பொறுமையுடன் படியுங்கள். இதில் உங்களுக்கும் செய்தி இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் திருமணங்களுக்குப் பிரியாணி சமைத்துக் கொடுப்பவர். தேக்சாவின் மூடியை விரலால் தொட்டே, உள்ளே தம் எந்த அளவில் நிற்கிறது என்று சொல்லிவிடும் கைப்பழக்கம் உடையவர். பாத்திரங்களை ஏற்றிச் செல்ல அவரிடம் பழைய டீசல் ஜீப் ஒன்று உண்டு. சென்ற கோடையில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு நிக்காஹ் விருந்து. முந்நூறு பேருக்கான அரிசி, இறைச்சி, பாத்திரங்கள், இரு உதவியாளர்கள், பதினேழு வயது மகன் ஆகியோருடன் வைகறையில் புறப்பட்டார். செம்பரம்பாக்கத்தைத் தாண்டும்போது வண்டி இழுக்கத் திணறியது. ஏதோ தீய்ந்த வாடை. வெப்பம் காட்டும் மீட்டரைப் பார்த்தார். முள் கீழ்க்கோட்டருகே குளுமையாகப் படுத்திருந்தது. "சூடு இல்லையே" என்று மேலும் ஓட்டினார். அரை மைலுக்குள் என்ஜின் நின்றுவிட்டது.

பானட்டைத் திறந்ததும் வெண்புகை. மகன் துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனான். பின்னால் நின்ற லாரியிலிருந்து ஓட்டுநர் ஒருவர் பாய்ந்து வந்து, "தம்பி, தொடாதே!" என்று அவன் கையைத் தட்டிவிட்டார். அந்தப் பெயர் தெரியாத சகோதரர் வராமலிருந்தால் அந்தப் பிள்ளையின் முகம் என்னவாகியிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் என் நண்பருக்கு இன்றும் பேச்சு நின்றுவிடுகிறது.

மூடியில் என்ன அபாயம்? திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியோ ஒரு ஸ்பிரிங்கினால் அழுத்தத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறது. 15 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியாயின், ஏறக்குறைய 120 டிகிரி வரை தண்ணீர் கொதிக்காமல் காத்திருக்கும். மூடியைத் திறந்த மறுகணம் அழுத்தம் போய்விடுகிறது. காத்திருந்த தண்ணீரின் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகிக் கொதிநீரையும் வாரிக்கொண்டு பீறிடுகிறது. நம் வீட்டுப் பிரஷர் குக்கரை விசில் அடங்குமுன் திறப்பதும் இதுவும் ஒன்றே. என்ஜினை நிறுத்தி, மூடி கையால் தொடும் அளவுக்கு ஆறும்வரை காத்திருப்பதே வழி. வறண்டு கொதிக்கும் என்ஜினில் உடனே பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடும், அதையும் செய்யாதீர்கள்.

வாடகை வேன் பிடித்து விருந்தை எப்படியோ ஒப்பேற்றினார் நண்பர். ஜீப், கட்டி இழுக்கப்பட்டு வேலப்பன்சாவடி சாலையோரத்துப் பட்டறை ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. ஹெட் கேஸ்கட் எரிந்துபோயிருந்தது. கோடையின் கல்யாண வருமானத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. "இவ்வளவு சூட்டிலும் முள் ஏன் ஏறவில்லை?" என்பதுதான் அவருடைய கேள்வி. அன்று மாலை நானும் உடனிருந்தேன். முதிய மெக்கானிக் சொன்னார்: "பாய், அந்த முள் தண்ணியத்தான் பார்க்கும். தண்ணியே இல்லேன்னா அது எதைப் பார்க்கும்?"

அந்த ஒரு சொல்லில் முழு விளக்கமும் அடங்கியிருந்தது. வெப்பத்தை உணரும் சென்சார், என்ஜினின் நீர்ப்பாதையில் திருகப்பட்டிருக்கும் சிறு பித்தளைக் குமிழ். அதனுள்ளிருக்கும் பொருள் சூடேற ஏற மின்தடையில் குறையும், மின்னோட்டம் கூடும், டேஷ்போர்டில் முள் ஏறும். அக்குமிழ் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் அதன் சொல் மெய். கசிவினால் நீர்மட்டம் தாழ்ந்து, அது காற்றிலும் ஆவியிலும் தொங்க நேர்ந்தால், என்ஜின் எரியும் நேரத்திலும் முள் இறங்கிவிடக்கூடும். மிக அபாயமான வேளையில் மிக இனிய செய்தியைச் சொல்லிவிடும் சாட்சி அது.

நண்பரின் வண்டியில் இரண்டு குறைகள் கூடிவிட்டன. ஒன்று, பழைய ரப்பர் ஹோஸில் கசிவு. இரண்டாவது, முன்பு எங்கோ சென்சாரைக் கழற்றி மாட்டியவர்கள் கசியாமலிருக்க மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றியிருந்தார்கள். ஒற்றைக் கம்பி சென்சாருக்கு அந்த மரையே எர்த். டேப் இடையில் புகுந்தால் மின்தடை கூடும். கூடினால் முள் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும்.

பழைய ஜீப் வைத்திருப்போர் வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகளை அந்த மெக்கானிக் எங்களுக்குக் காட்டினார். வரிசையாகத் தருகிறேன்.

முதலாவது, காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரைச் சந்தேகிக்குமுன் தண்ணீரைச் சந்தேகியுங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள். முள் அடிக்கோட்டில் நிற்க வேண்டும். ஆறிய என்ஜினிலேயே அது உச்சிக்குத் தாவினால், சென்சாருக்குச் செல்லும் கம்பி எங்கோ தோல் உரிந்து இரும்பைத் தொடுகிறது என்று கொள்க. அல்லது சென்சாரே உள்ளே பழுதாகியிருக்கும்.

இரண்டாவது, ஓடிச் சூடேறிய பின்னும் முள் அசையவில்லையெனில், சாவி திருப்பிய நிலையில் சென்சாரின் கம்பியைக் கழற்றி என்ஜின் இரும்பில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். சிறு பல்பு ஒன்றை இடையில் வைத்துத் தொடுவது மீட்டருக்கு இன்னும் பாதுகாப்பு. முள் ஏறினால் கம்பியும் மீட்டரும் நலம். குறை சென்சாரிலோ அதன் எர்த்திலோதான். ஏறாவிட்டால் கம்பி அறுந்திருக்கலாம். அல்லது மீட்டர் பழுது.

மூன்றாவது, டீசல் அளவு காட்டும் முள்ளும் சேர்ந்தே தவறாகக் காட்டுகிறதா என்று நோக்குங்கள். இரண்டும் ஒன்றாகப் பிழைத்தால் குறை இரண்டுக்கும் பொதுவான மின்வழியில் இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் முள் இடம் மாறினால் டேஷ்போர்டின் எர்த் சரியில்லை. துருவைச் சுரண்டித் திருகை இறுக்கினாலே பல வண்டிகளில் இந்நோய் தீர்ந்துவிடும்.

நான்காவது, சென்சாரைக் கழற்றி மீட்டரோடு கம்பியால் இணைத்து, அதன் உடலுக்குத் தனியே எர்த் கொடுத்து, நுனியை மட்டும் சுடுநீரில் அமிழ்த்தி, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்து ஒப்பிடுங்கள். நண்பர் தம் சிறிய தேக்சாவையே இதற்குக் கொண்டுவந்தார். டேப்பை நீக்கிச் சோதித்ததும் முள் ஒழுங்காக ஏறிற்று. குற்றம் சென்சாருடையதன்று, அதன் வாயைக் கட்டியவர்களுடையது.

ஐந்தாவது, புதிய சென்சார் வாங்கும்போது மரை பொருந்தினால் போதும் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் அதற்குரிய மின்தடை கொண்ட சென்சார் உண்டு. மாற்றிப் போட்டால் இரண்டும் நல்லவையாயிருந்தும் கூட்டுச் சொல் பொய்யாகும். இராணுவ ஏலத்தில் வந்த வண்டிகளில் 24 வோல்ட் மின்னமைப்பு இருக்கக்கூடும். அதில் 12 வோல்ட் மீட்டரைப் பொருத்தலாகாது.

மிகப் பழைய ஜீப்புகளில் மின்சாரமே இல்லாத மீட்டரும் உண்டு. என்ஜினிலிருக்கும் குமிழையும் மீட்டரையும் ஒரு மெல்லிய செம்புக் குழாய் இணைக்கும். குமிழிலுள்ள திரவம் சூட்டில் ஆவியாகி அழுத்தம் தர, மீட்டருக்குள் வளைந்திருக்கும் குழாய் சற்றே நிமிர்ந்து முள்ளைத் தள்ளும். பிரான்ஸ் நாட்டின் யூஜீன் போர்டான் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய்தான் அது. மெல்லிய குழாய் மடிந்து ஒடிந்தால் முள் எழாது. முழுத் தொகுதியையும் மாற்றுவதே வழக்கம்.

ஆறாவதாக ஒன்றையும் மறக்கலாகாது. முள் தாழ்ந்து நிற்பது சில வேளை மெய்யாகவே இருக்கும். தண்ணீர் ஏறக்குறைய 82 டிகிரியை எட்டும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைப்பது தெர்மோஸ்டாட். "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவோர் உண்டு. அப்போது என்ஜின் உரிய சூட்டை அடையாமலே ஓடி, டீசலையும் கூடுதலாகக் குடித்துத் தேய்கிறது. முள்ளைக் குற்றவாளியாக்குமுன் வேறொரு சாட்சியைக் கேட்பது நீதி. தொடாமலே வெப்பம் அளக்கும் அகச்சிவப்புக் கருவியைத் தெர்மோஸ்டாட் வீட்டின் மேல் காட்டிப் பார்க்கலாம். பளபளக்கும் உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். மங்கிய பரப்பில் காட்டுங்கள்.

இந்த ஜீப்புகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1945-இல் மகிந்திரா சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முகம்மதும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 'மகிந்திரா அண்ட் முகம்மது'. நாடு பிரிந்தபோது குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகச் சென்றார். 1951-இல் அந்நாட்டின் கவர்னர் ஜெனரலானார். 1948-இல் நிறுவனம் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆயிற்று. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பொருத்தித் தந்தது அந்நிறுவனமே. இராணுவத்துக்காக 1969 முதல் 1999 வரை ஜபல்பூரில் உருவான ஜோங்கா வண்டிகளும் ஏலத்தின் வழியே ஊருக்குள் வந்தன. உரிய பராமரிப்பு இருந்தால் அவை தலைமுறை தாண்டியும் உழைக்கும்.

இல்லத்துச் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தைகள். கொதிநீர் பட்டால் பற்பசை, மை, மாவு எதுவும் வேண்டா. குழாயின் குளிர்ந்த ஓடும் நீரில் 20 நிமிடம் காட்டி, பிறகு மருத்துவரிடம் செல்லுங்கள். ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் என்னும் இனிப்பான நஞ்சு இருக்கிறது. குடிநீர்ப் பாட்டிலில் அதை ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளின் கைக்கு எட்டவும் விடாதீர்கள்.

புறப்படுமுன் என் நண்பர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். விபத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்தே முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நின்றதாம். "வண்டி நல்லாக் குளிர்ந்து ஓடுதுன்னு சந்தோஷமா இருந்துட்டேன்" என்றார். முள் ஏறியிருந்தால் அன்றே பட்டறைக்கு ஓடியிருப்பார். இறங்கியதால் கேட்கவில்லை.

நாமும் அப்படித்தான். கெட்ட செய்தி வந்தால் துருவித் துருவி விசாரிக்கிறோம். மனத்துக்கு இதமான செய்தியை வாசலிலேயே வரவேற்று உட்கார வைத்துவிடுகிறோம். காய்ச்சலில் துவண்ட குழந்தைக்கு வெப்பமானி 'சுரம் இல்லை' என்று காட்டினால், தாய் அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாளே, அந்தப் புறங்கையின் சந்தேகம் நமக்கு வேண்டும்.

நண்பரின் ஜீப் மறுபடி ஓடுகிறது. வைகறையில் அவர் செய்யும் முதல் வேலை, மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்ப்பது. மகன் பக்கத்தில் டார்ச் பிடித்து நிற்கிறான். முள்ளை அதற்குப் பிறகுதான் இருவரும் பார்க்கிறார்கள்.