'எம்'னு ஒட்டிட்டா எம் ஆயிடுமா?

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன். போன ஞாயித்துக்கிழமை டீம்ல புதுசா சேர்ந்த தம்பி போன் பண்ணி ஒரு கேள்வி கேட்டு வயித்தெரிச்சலைக் கிளப்பிட்டான்.

"அண்ணே, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் எடுக்கப்போறேன். 330ஐ சாதா எடுக்கவா, இல்ல எம் ஸ்போர்ட் பேக்கேஜ் போட்டு எடுக்கவா?"

(330ஐ-ல வர்ற 'ஐ' இரண்டாம் வேற்றுமை உருபு இல்லீங்க, மாடல் பேரே அதுதான். தமிழாசிரியர்கள் கல்லெறிய வேண்டாம்.)

அவன்கிட்ட ஒரு மணிநேரம் கத்தினேன். "சரிண்ணே, ஆனா எம் ஸ்போர்ட் பாக்க செமயா இருக்குல்ல?"ன்னு முடிச்சான். அதான் இங்க வந்து கத்துறேன்.

என் கட்சி ரொம்ப சிம்பிள். ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கறீங்களா? இஞ்சினுக்குக் காசு குடுங்க. பிரேக், டிஃபரன்ஷியல், சஸ்பென்ஷனுக்குக் குடுங்க. அதுக்கு வசதி இல்லையா, அடி ட்ரிம்மை எடுத்துட்டு நிம்மதியா ஓட்டுங்க. நடுவுல ஒரு வேஷம் விக்கிறாங்க பாருங்க, அதுக்கு மட்டும் கடன் வாங்காதீங்க.

இந்த 'எம்' எழுத்து எங்கேர்ந்து வந்துச்சு? 1972-ல பிஎம்டபிள்யூ ரேஸுக்குன்னே தனியா ஒரு கம்பெனி ஆரம்பிச்சுது, பிஎம்டபிள்யூ மோட்டார்ஸ்போர்ட். 1986-ல முதல் எம்3 வந்துச்சு. குரூப் ஏ ரேஸ்ல ஓட்டணும்னா அதே காரை ரோட்டுக்கும் 5,000 செஞ்சு விக்கணும்னு அப்ப விதி. அதுக்காகவே பொறந்த வண்டி அது. சக்கரத்துக்கு மேல தகரம் வீங்கியிருக்குன்னா உள்ள அகலமான டயர் வேணும்னு அர்த்தம். பின் கண்ணாடியோட சாய்மானத்தைக்கூட காத்துக்காக மாத்தினாங்க. அந்த எழுத்து உழைச்சு சம்பாதிச்ச எழுத்துய்யா.

இப்ப 330ஐ-ல எம் ஸ்போர்ட் பேக்கேஜ் டிக் பண்ணினா என்ன வருது? முன்னாடி பின்னாடி வேற பம்பர், தடிமனா ஒரு ஸ்டீயரிங், வேற வீல், முன்பக்க ஃபெண்டர்ல மூணு கலர் எம். சில வருஷ மாடல்கள்ல சஸ்பென்ஷன், ஸ்டீயரிங்லயும் கொஞ்சம் மாத்தம் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா பானெட்டைத் தொறந்தா அதே 2 லிட்டர் 4 சிலிண்டர் டர்போ. அதே 255 குதிரைசக்தி. ஒரு குதிரைகூட அதிகமா வராது.

பக்கத்துல எம்340ஐ நிக்குது. 3 லிட்டர், வரிசையா 6 சிலிண்டர், இந்த மாடல் அமெரிக்காவுக்கு வந்தப்போ 382 குதிரைசக்தி. எம் ஸ்போர்ட் டிஃபரன்ஷியலும் பெரிய பிரேக்கும் கூடவே வருது. அப்போ 330ஐ விலை 40,200 டாலர்ல ஆரம்பிச்சுது, எம்340ஐ 54,000-ல. அதுவும் முழு எம்3 இல்லதான். ஆனா குடுத்த காசுக்கு இரும்பு வருது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற 13,800 டாலர் இடைவெளியிலதான் ஐயா நம்மாளுங்க மொத்தப் பேரும் மாட்டறாங்க. "மேல போக முடியாது, கீழ நிக்க மனசில்ல"ங்கிற அந்த இடத்துக்கு அவங்க வெச்ச பேர்தான் பேக்கேஜ்.

நம்பரையாவது நம்பலாமான்னா அதுவும் போச்சு. அந்தக் காலத்துல 325ஐ-ன்னா 3 சீரிஸ், 2.5 லிட்டர். கணக்கு நேரா இருந்துச்சு. 1999 வாக்குல வந்த 323ஐ-ல இருந்தது 2.5 லிட்டர். அப்புறம் 328ஐ-ல 3 லிட்டர். இப்ப 330ஐ-ல 2 லிட்டர். இந்த மாதிரி வேரியபிளுக்குப் பேர் வெச்சா கோட் ரிவ்யூல செருப்பால அடிப்பாங்க.

இதுல எனக்கு ரொம்ப வலிச்ச இடம் ஒண்ணு இருக்கு. 2013 மாடல்ல அமெரிக்காவுல 320ஐ-ன்னும் 328ஐ-ன்னும் ரெண்டு வித்தாங்க. ரெண்டுலயும் அதே 2 லிட்டர் டர்போ குடும்பம். ஒண்ணு 180 குதிரை, இன்னொண்ணு 240. வித்தியாசத்துல பெரும்பங்கு ட்யூனிங், அதாவது சாஃப்ட்வேர். நாமளும் பொட்டி தட்டறவங்கதானே, நமக்குத் தெரியாதா? ஒரே பைனரி, லைசென்ஸ் கீ மட்டும் வேற.

அதோட நிக்கல. ஆப்பிள் கார்ப்ளேவுக்கு வருஷம் 80 டாலர்னு கேட்டுட்டு, கத்தல் தாங்காம 2019 டிசம்பர்ல விட்டாங்க. 2022-ல சில நாடுகள்ல, சீட்டுக்குள்ள ஏற்கெனவே இருக்கிற ஹீட்டரை ஆன் பண்ண மாச வாடகை கேட்டாங்க. 2023-ல அதையும் கைவிட்டாங்க. பென்ஸ்காரங்க 2022 நவம்பர்ல, எலக்ட்ரிக் கார்ல இன்னும் வேகமா கிளம்பறதுக்கு வருஷம் 1,200 டாலர்னு அறிவிச்சாங்க. பாத்தீங்களா? இரும்பு ஏற்கெனவே உங்க வீட்டு வாசல்ல நிக்குது, சாவி அவங்ககிட்ட. நாம ஆபீஸ்ல எழுதற ஃபீச்சர் ஃப்ளாக் நம்ம தலையிலயே வந்து விடியுது.

"என் காசு, என் ஆசை, உனக்கென்ன?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பதிலா ஒரு கதை.

2022 ஆரம்பத்துல என் ரூம்மேட் ஒரு 330ஐ எடுத்தான். நியூஜெர்சியில டீலர்கிட்ட நானும்தான் கூடப் போனேன். சாதா வண்டி ஒண்ணு ரெடியா நின்னுச்சு. இவன் எம் ஸ்போர்ட், 19 இஞ்ச் வீல், தனிக் காசு குடுக்கிற பெயின்ட் எல்லாம் டிக் பண்ணினான். ஃபைனான்ஸ் ஆள் மொத்த விலையைப் பத்திப் பேசவே இல்ல. "மாசம் எவ்வளவு கட்ட வசதிப்படும்?"னு மட்டும் கேட்டார். 72 மாசத்துக்கு இழுத்தா எல்லாமே வசதிப்படும்தானே? சும்மா ஒரு கணக்கு: 7 சதவீத வட்டியில 5,000 டாலரை 72 மாசம் கட்டினா மாசம் 85 டாலர். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். முடிக்கும்போது 6,100-க்கு மேல போயிருக்கும்.

பிரிட்ஜ்வாட்டர் கோயில் பார்க்கிங்ல நிறுத்தி எலுமிச்சம்பழம் ஏத்தி, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினோம். சந்தோஷமாத்தான் இருந்தோம். வண்டிமேலயும் ஒரு குறையும் இல்ல.

2023 ஜனவரியில அவனை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. எச்1பி-ல இருக்கறவங்களுக்கு அந்த 60 நாள் என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. ஏழு வாரம் தேடினான். கடைசியில வண்டியை விக்கப் போனோம். லோன்ல பாக்கி 46,000. அவங்க சொன்ன விலை 39,500. மதிப்புப் போட்ட ஆள் வண்டியைச் சுத்தி வந்து, "எம் ஸ்போர்ட்டா? நைஸ்!"னு சிரிச்சுட்டு டேப்லெட்ல அடுத்த பக்கத்தைத் தள்ளிட்டார். அந்த நைஸுக்கு நம்பர் கிடையாது.

6,500 டாலர் நாங்க கையிலேர்ந்து குடுத்தாத்தான் வண்டியையே குடுக்க முடியும். பேக்கேஜ், வீல், பெயின்ட்டுக்குன்னு அவன் குடுத்த காசும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நானும் இன்னொரு ரூம்மேட்டும் சேர்ந்து போட்டோம். அவன் கோயம்புத்தூர் போயிட்டான். காசை அடுத்த வருஷமே திருப்பிட்டான். ஆனா அன்னிக்கு அந்தக் கண்ணாடி ரூம்ல அவன் செக் எழுதின கையை நான் பாத்தேன். அதை மறக்க முடியல. ஆசையே படாதேன்னு சொல்லல. 60 நாள் கயித்துல நடக்கறவன், வித்தா காசு திரும்பாத சாமானுக்குக் கடன் வாங்கக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

அடுத்த எதிர்க்கேள்வியையும் நானே கேட்டுக்கறேன். "டர்ன்பைக்ல 65 மைல்தான் லிமிட். 382 குதிரையை எங்க மேய்ப்ப? அதுவும் வேஷம்தானே?" பாதி உண்மை. அதனாலதான் எல்லாரும் எம்340ஐ எடுங்கன்னு சொல்லல. அடி ட்ரிம் 330ஐ-யே 5.6 செகண்ட்ல 60 மைல் தொடுதுன்னு கம்பெனியே சொல்லுது. இது பத்தாதுன்னு சொல்ற ஆளு எனக்குத் தெரிஞ்சு யாருமில்ல. அப்படியும் காசு அரிச்சா 18 இஞ்ச் வீலோட நின்னுட்டு நல்ல டயர் போடுங்க. குழியில விழுந்தா ரிம் பொழைக்கும், வளைவுல வண்டி நிக்கும். ரோட்டைத் தொடறது டயர்தான், ஃபெண்டர்ல இருக்கிற எழுத்து இல்ல.

ஆக, தம்பி, உனக்கு என் பதில்: சாதாவை எடு. இல்லன்னா ரெண்டு வருஷம் சேத்து ஆறு சிலிண்டரை எடு. ரெண்டுக்கும் நான் வந்து எலுமிச்சம்பழம் வெக்கறேன். நடுவுல இருக்கறதை எடுத்தா வர மாட்டேன்.

டிஸ்கி 1: 3 சீரிஸ் 2007-லேர்ந்து நம்ம செங்கல்பட்டு பக்கத்துலயும் அசெம்பிள் ஆகுது. 2023-ல அங்க வந்த 330எல்ஐ, முதலாளி பின்சீட்ல கால் நீட்டறதுக்காக 110 மி.மீ. நீளம் கூட்டின வண்டி. டிரைவர் ஓட்டுவார், ஓனர் தூங்குவார். அதுக்குப் பேரும் எம் ஸ்போர்ட்டாம். ஓடி விளையாடறது யாருங்க?

டிஸ்கி 2: ஜெர்மனியில பின்னாடி இருக்கிற மாடல் எழுத்தே வேண்டாம்னும் ஆர்டர் பண்ணலாம். அந்த ஆப்ஷன்தான் எனக்குப் புடிச்ச ட்ரிம்.

டிஸ்கி 3: எம் ஸ்போர்ட் வெச்சிருக்கிற மக்கள்ஸ், பின்னூட்டத்துல வந்து கும்மலாம். வலிக்காத மாதிரி கும்முங்க.