ஆடியில ஓடிச்சு, சித்திரையில நின்னுபோச்சு!

ஓர் ஆடி மாசம் குலசேகரத்திலிருந்து ஒரு தம்பி போன் போட்டான். "அண்ணே, நம்ம பிராசசர் 4.6 கிகாஹெர்ட்ஸ் ஓடுது, பாத்துக்கிடுங்க!" குரலில் அப்படி ஒரு குஷி. அப்பா ரப்பர் பால்வெட்டு. அம்மா சீட்டுப் பிடித்த பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. வெளியே சாரல் அடிக்கிற சத்தம் போனிலேயே கேட்டது.

அடுத்த போன் சித்திரையில் வந்தது. "ராத்திரி ரெண்டரிங் போட்டுட்டுப் படுத்தேன் அண்ணே. காலைல பாத்தா நீலத் திரை. நாளக்கழிச்சு ப்ராஜெக்ட் ரிவ்யூ. பேக்கப் ஜிப் ஃபைலும் திறக்க மாட்டேங்குது." செட்டிங் எதையாவது மாத்தினியாலே என்று கேட்டேன். இல்லையாம். அப்படியானால் மாறியது எது? அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

முதலில் கணக்கு. மதர்போர்டில் அடிப்படைத் துடிப்பு ஒன்று இருக்கிறது, பேஸ் க்ளாக். இப்போதைய டெஸ்க்டாப்களில் 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 10 கோடி துடிப்பு. அதை மல்டிப்ளையர் என்ற எண்ணால் பெருக்கினால் வருவதுதான் பிராசசரின் வேகம். 100 x 46 = 4600 மெகாஹெர்ட்ஸ். அவ்வளவுதான் மேட்டர்!

1998ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ ஞாபகம் இருக்கிற அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள், கண் கலங்குவார்கள். அதன் மல்டிப்ளையர் 4.5, பூட்டு போட்டது. ஆனால் போர்டின் துடிப்பை 66ல் இருந்து 100க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450ல் ஓடும். பல சிப்புகள் ஓடவும் செய்தன. இன்று பேஸ் க்ளாக்கைத் தொடாதீர்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் போன்ற மற்ற சமாச்சாரங்களின் துடிப்பும் பல போர்டுகளில் அதோடு கட்டிப்போட்டிருக்கும். மல்டிப்ளையரைத்தான் மாற்ற வேண்டும். அதற்கும் எல்லா போர்டும் விடாது. இன்டெல் என்றால் 'கே' எழுத்துள்ள சிப்பும் இசட் வரிசை போர்டும் தேவை. தம்பியுடையது ஏஎம்டி ரைசன் 5 5600, போர்டு பி550. மாற்றலாம். ஏ520 போர்டாக இருந்திருந்தால் அந்த வழியே கிடையாது. அன்றைக்கு அது நல்லதாகவே போயிருக்கும்!

வேகம் கூடினால் சிப்புக்கு வோல்டேஜும் கூட வேண்டும், இல்லாவிட்டால் தடுமாறும். வில்லங்கம் அங்கேதான். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தின் அளவுக்கு ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்துக்கு ஏறும். தம்பி ஏதோ வீடியோவைப் பார்த்து 4.2ல் 1.2 வோல்ட்டில் இருந்ததை 4.6, 1.35 வோல்ட் ஆக்கியிருந்தான். பேப்பரை எடுத்துப் போட்டுப் பாருங்கள். வேகம் ஒன்பதரை சதவீதம் கூடுகிறது. வோல்டேஜ் பன்னிரண்டரை சதவீதம்தான், ஆனால் வர்க்கம் எடுத்து இரண்டையும் பெருக்கினால் சூடு ஏறத்தாழ 39 சதவீதம் கூடுகிறது!

அந்தச் சூடு போகவேண்டிய இடம் உங்கள் அறை. ஆடிச் சாரலில் அவன் அறை 26 டிகிரி, முழு லோடில் சிப் 82. சித்திரையில் அறை 34. எட்டு டிகிரி கூடினால் சிப்பிலும் ஏறத்தாழ அதே எட்டு. ஆச்சா, 90! அந்தச் சிப்புக்கு ஏஎம்டி போட்டிருக்கும் எல்லையே 90தான். சூடு கூடினால் அதே வேகத்தில் ஓட இன்னும் வோல்டேஜ் கேட்கும். கொடுத்தால் இன்னும் சூடாகும். வீடியோ போட்ட ஆள் இருபது டிகிரி அறையில் உட்கார்ந்திருப்பான். அவன் நம்பர் அவன் ஊருக்கு. (புழுக்கம் நமக்குத்தான் தொல்லை, சிப்புக்கு டிகிரி மட்டும்தான் கணக்கு. ஆனால் குளச்சல், முட்டம் கடலோரக்காரர்கள் சிபியூவை ஜன்னலோரம் வைக்காதீர்கள், உப்புக்காற்று அரித்துவிடும்.)

ஆகவே, டெஸ்ட் பண்ணுவதென்றால் பங்குனி, சித்திரை மதியம் இரண்டு மணிக்கு, ஃபேனைப் போடாமல் பண்ணுங்கள். பத்து நிமிஷம் போதாது, சில மணி நேரமாவது முழு லோடில் ஓடட்டும். நீலத் திரை வந்தால் உங்கள் பாக்கியம். அது வராமல் கணக்கை மட்டும் தப்பாகப் போட்டு, ஃபைலைக் கெடுத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி ஓடும் பாருங்கள், அதுதான் ஆபத்து. தம்பியின் ஜிப் ஃபைல் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

பயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகள் சில அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு நிலைகுலைவதாக 2024ல் இன்டெல்லே ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு அப்டேட் கொடுத்து, வாரன்ட்டியை இரண்டு வருஷம் நீட்டியது. செய்தவனுக்கே அந்தக் கதி!

இன்னொன்று. 5600 தானாகவே தேவைப்பட்டால் 4.4 வரை ஏறும் சிப். தம்பி 4.6 கேட்டுத் தலைகீழாக நின்றது வெறும் 200 மெகாஹெர்ட்ஸுக்கு.

"சரி மக்கா, பயாஸ்ல எல்லாத்தையும் டிஃபால்ட்டுக்குப் போடு" என்றேன். போட்டான். ரெண்டரிங் நிற்காமல் ஓடி முடிந்தது. கெட்டுப்போன ஜிப் மட்டும் கெட்டதுதான், அதிலிருந்த இரண்டு வார வேலையை ராத்திரி முழித்துத் திரும்பச் செய்தான். ரிவ்யூ முடிந்த பிறகு கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 15 வைத்துப் பார்க்கச் சொன்னேன். அது வோல்டேஜைக் கொஞ்சம் குறைக்கும் வழி. எல்லா சிப்பும் அந்த எண்ணைத் தாங்காது, இதையும் டெஸ்ட் பண்ண வேண்டும். அவன் சிப் தாங்கியது, சூடும் இறங்கியது. அதோடு ராமின் எக்ஸ்எம்பியை ஆன் செய்தோம். 3200 என்று எழுதி விற்ற ராம் இத்தனை மாசமும் 2400ல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரிலும் இன்றைக்கே அதைப் பார்த்துவிடுங்கள், மாற்றினால் டெஸ்ட்டையும் மறக்க வேண்டாம்.

அம்மாவிடம் மட்டும் அவன் இன்னும் எதையும் சொல்லவில்லையாம். நீங்களும் சொல்லிவிடாதீர்கள்!