மறைக்க வேண்டியதும் சொல்ல வேண்டியதும்

அரச ஆவணம் ஒன்று கசிந்தால், கசிய விட்டவர் யார் என்பதே முதற் கேள்வியாக எழுகிறது. அது யாரிடமிருந்து மறைக்கப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை.

உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் பற்றிய வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் 2019 ஏப்ரல் 4ஆம் திகதியே அரச புலனாய்வுச் சேவைக்குக் கிட்டியது. 9ஆம் திகதி பொலிஸ் மா அதிபருக்கு அறிவிக்கப்பட்டது. 11ஆம் திகதி, பிரமுகர் பாதுகாப்புப் பிரிவுகளுக்கு ஒரு கடிதம் சென்றது. சஹ்ரானின் பெயரும் கத்தோலிக்க தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் அதில் இருந்தன. மெய்க்காவலர் உடையோரின் காவலர்களுக்குத் தெரிந்தது, தேவாலயத்தில் மண்டியிட்டோருக்குத் தெரியவில்லை. 21ஆம் திகதி 250க்கும் அதிகமான உயிர்கள் பறிபோன பின்னரே அமைச்சர் ஹரின் பெர்னாண்டோ அக்கடிதத்தை டுவிட்டரில் வெளியிட்டார். 26ஆம் திகதி சாய்ந்தமருதிலும் குண்டுகள் வெடித்தன. எமது கரையோர முஸ்லிம் ஊர்கள் சோதனைக்கும் சந்தேகத்துக்கும் ஆளாயின. 2023 ஜனவரி 12இல், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பாடம் படித்தோமா? 2024 ஒக்டோபர் 23இல் பொத்துவில் அறுகம்பையில் உல்லாசப் பயணிகள் தாக்கப்படலாமென அமெரிக்கத் தூதரகம் பகிரங்கமாக எச்சரித்தது. தமக்கு முன்னரே தகவல் கிடைத்துப் பாதுகாப்பைப் பலப்படுத்தியிருந்ததாகப் பொலிசார் கூறினர். இம்முறை காவல் இருந்தது, நன்று. ஆனால் தன் வாசலில் நிற்கும் ஆபத்தைப் பொத்துவில் மீனவரும் விடுதிக்காரரும் அந்நியத் தூதரகம் சொல்லியா அறிய வேண்டும்?

எல்லாவற்றையும் வெளியிடுக என்று நான் வாதிடவில்லை. 2002 ஜனவரியில் அத்துருகிரியவில் இராணுவப் புலனாய்வு இல்லமொன்றைப் பொலிசார் சோதனையிட்டு அம்பலப்படுத்தியபின், தகவல் தந்தோர் பலர் கொல்லப்பட்டனர். தகவல் தந்தவரின் பெயர் மறைக்கப்பட வேண்டியது. வரவிருக்கும் ஆபத்து சொல்லப்பட வேண்டியது. இவ்விரண்டையும் ஒரே உறையில் இட்டு 'இரகசியம்' என்று முத்திரை குத்துவதுதான் எமது நோய்.

1955ஆம் ஆண்டின் அரச இரகசியச் சட்டம் வாய் திறப்பவரைத் தண்டிக்கும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொதுநலன் கருதி வெளியிட இடமளிக்கிறது. ஆயினும் விண்ணப்பித்துக் காத்திருந்து பெறுவதற்கு, எச்சரிக்கை என்ன பிறப்புச் சான்றிதழா? உயிராபத்துத் தகவலை உரிய மக்களுக்கு உடனே, அவர்களுடைய மொழியில் அறிவிப்பது அதிகாரிகளின் சட்டக் கடமையாக வேண்டும். அதுவரை, கசிவுகளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.