கணுக்கால் முறிஞ்சா ஏ-யா, பி-யா?

ஒரே எக்ஸ்ரே, ரெண்டு டாக்டர், ரெண்டு பதில். நடக்குமா? நடக்கும் பாஸ்!

கணுக்கால் முறிவைப் பிரிக்க வெபர் முறைன்னு ஒண்ணு உண்டு. வெளிப்பக்க எலும்பு, ரெண்டு கால் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற ஜவ்வுக்குக் கீழே உடைஞ்சிருந்தா ஏ, அதே மட்டத்தில் பி, மேலே சி. லாகே-ஹான்சன் முறையில் கால் எப்படி முறுக்கிச்சுன்னு படத்தை வெச்சே ஊகிக்கணும். (நம்ம மெக்கானிக்ஸ் பேப்பரேதான்!) இதில்தான் டாக்டர்களுக்குள் ஒத்துமை இன்னும் குறைச்சல்.

சரி, ஒத்துமையை எப்படி அளக்கிறது? 100 படத்தில் 80 ஒத்துப்போனா சூப்பர்னு தோணும். ஆனா ரெண்டு பேரும் படத்தையே பார்க்காம 80-க்கு பி, 20-க்கு ஏ-ன்னு எழுதினாக்கூட சராசரியா 68 ஒத்துப்போயிடும்! அந்தக் குருட்டு அதிர்ஷ்டத்தைக் கழிக்கத்தான் 1960-ல் ஜேக்கப் கோஹன் 'கப்பா' கணக்கைக் கொடுத்தார். இங்கே அது வெறும் 0.375. முழு ஒத்துமைன்னா 1.

பி-யில்தான் நிஜ சிக்கல். உள்பக்க ஜவ்வு தப்பிச்சிருந்தா பெரும்பாலும் மாவுக்கட்டோடு போச்சு; கிழிஞ்சு மூட்டு நகர்ந்திருந்தா பிளேட், ஸ்க்ரூ. அந்த ஜவ்வோ எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது! எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி கூடியிருக்கான்னு பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். அதுக்குத்தான் காலை 15 டிகிரி உள்ளே திருப்பி ஒரு படம், சில சமயம் நிக்கவெச்சு இன்னொண்ணு.

பாஸ்கெட்பால் பார்ட்டிகளே, ரெண்டாவது டாக்டர்கிட்ட போறப்ப ரிப்போர்ட்டோட ஃபிலிமையும் தூக்கிட்டுப் போங்க!